உன் தோளில் மிச்சமிருக்கும் கை

அன்பு மகள் அமுதாவுக்கு அம்மா எழுதுவது. நல்ல சேதிகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என் வாயில் நல்லது வராது. உன் பெரியண்ணன் மகன் செல்வம் டிப்ளமோவில் முதல் வகுப்பில் தேறி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டான். நெஞ்சில் பேர் தைத்த சட்டை கொடுத்திருக்கிறார்கள். அதைத் துவைக்க அவன் அம்மாவிடம்கூடத் தருவதில்லை. அவன் தங்கை கீதா டைப்ரைட்டிங் லோயர் பாஸ், இப்போது ஹையருக்குப் போகிறாள். அவள் விரல் ஓடுகிற வேகத்துக்கு எனக்கு மூச்சு வாங்குகிறது. சின்னண்ணன் மகள் ராணி ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்து எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கிவந்தாள், வீட்டில் யாரும் அதில் சாப்பிடக் கூடாதாம், ஷோகேஸில் இருக்கிறது. மூன்று வயதுக் கடைக்குட்டி என்ன சாதித்தாள் தெரியுமா? போன ஞாயிற்றுக்கிழமை நான் ஆசையாக எடுத்து வைத்த மஞ்சள் கவுனைத் தூக்கி எறிந்துவிட்டு, "இது வாணாம், போ கெய்வி" என்றாள். அவள் அம்மா அடிக்கக் கை ஓங்கினாள். "வாணாம்னுட்டுப் போவுது, வுடு" என்று நான்தான் குறுக்கே விழுந்தேன். அந்தப் பிள்ளைகளின் எல்லா வெற்றியையும்விட அந்த "வாணாம்" பெரிது என்று கோவில்பதாகையில் நாலு வீடு ஏறிச் சொல்லிவிட்டு வந்தேன். ஏன் சொன்னேன் என்று அவர்களுக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

நீயும் அந்த வரிசையில்தான் இருக்கிறாய். திருச்சியில் நூற்றிருபது பெண்பிள்ளைகள் தங்கும் ஹாஸ்டலில் சமையலறையே உன் பொறுப்பு. அஞ்சாம் கிளாஸ் படித்தவள் பெற்ற பெண் அங்கே ஏழு பேரை வேலை வாங்குகிறாள் என்று நான் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம்கூடச் சொல்லுவேன். போன பொங்கலுக்கு நீ எழுதிய கடிதம் என் தலகாணி உறைக்குள் இருக்கிறது. "பொங்கலுக்கு நான் வரவில்லை. இங்கே வேலை இருக்கிறது. பிப்ரவரியில் வருகிறேன்." மூன்றே வரி. அதில் ஒரு கேள்விக்குறிகூட இல்லை. நீ பிறந்ததிலிருந்து கேள்விக்குறி இல்லாமல் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அழுதுகொண்டே கேசரி கிண்டினேன்.

இப்போது வியாழக்கிழமை வந்த உன் இன்லண்டு கடிதத்துக்கு வருகிறேன். "அம்மா, அவருக்கு இடது கையும் காலும் விழுந்துவிட்டதாம். அந்தப் பெண் அவரை விட்டுப் போய்விட்டாளாம். என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார். போகட்டுமா?" அந்தக் கடைசிக் குறியைப் பார்த்ததும் பொங்கல் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆனால் அதற்கு முன்னால், முதல் வரியைப் படித்ததும் என்ன வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சந்தோஷம் வந்தது. எழுந்து போய் சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றினேன். உன் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "இன்னா விசேஷம்?" என்றார். "பட்டாபிராமுல ஒருத்தனுக்குக் கையும் காலும் வியுந்துடுச்சாம்." "அதுக்கா கற்பூரம்?" "தேங்கா ஒடைக்கலியேன்னு சந்தோஷப்படு" என்றேன். அவர் பேப்பருக்குள் போய்விட்டார்.

மறுநாள் காலையில் மின்சார வண்டி ஏறிப் பட்டாபிராமுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சேதி பொய்யாக இருந்துவிடுமோ என்று பயம். பொய்யில்லை. அதே வீடு. நீ கோலம் போட்ட வாசலில் பெருக்கிக்கூட நாலு நாள் ஆகியிருக்கும். உள்ளே கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. என்னைப் பார்த்ததும் முழித்தான், அப்புறம் கஷ்டப்பட்டு, "அத்தே... கொஞ்சம் தண்ணி..." என்றான். சொம்பு ஸ்டூல்மேல் இருந்தது. அவன் கைக்கு ஒரு சாண் எட்டவில்லை, எனக்கு ஒரு எட்டு. நான் அந்த எட்டை வைக்கவில்லை. "எம் பொண்ணக் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

அவனுக்குப் புரிந்தது. கண்ணில் தெரிந்தது. பக்கத்துப் போர்ஷன் பெண் எங்கள் பேச்சுக் குரல் கேட்டு வந்து, என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே அவன் தலையைத் தூக்கிக் குடிக்க வைத்தாள். குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் மனசு இளகுகிறதா என்று சோதித்துக்கொண்டே வந்தேன். ஆவடியில் இறங்குகிறவரை இளகவில்லை. இன்றைக்கும் இளகவில்லை. இளகியதாக எழுதினால் நீ என்னை நல்லவள் என்று நினைப்பாய். எனக்கு அந்தப் பேர் வேண்டாம்.

"கேட்டுச் சொல்றேன்" என்பது உன் வார்த்தை அல்லவா. நாம் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தபோது உனக்கு அதுதான் பேரே. "கேட்டுச் சொல்றேன் வந்துடுச்சிடா" என்று உன் அண்ணன்கள் கத்துவார்கள். பூக்காரி மல்லியா கனகாம்பரமா என்றால் "அம்மாவக் கேட்டுச் சொல்றேன்." கூடப் படிக்கிறவள் நொண்டியாட்டத்துக்குக் கூப்பிட்டால் "அம்மாவக் கேட்டுச் சொல்றேன்." நான் அதைக் கேட்டுப் பூரித்துப் போவேன். நாலாவது வீட்டு லில்லி அக்கா ஒருநாள் என் முகத்துக்கு நேரே கேட்டாள்: "இன்னாடி இது, ரிப்பன் கலருக்குக்கூட ஒன்னயக் கேட்டுகினு நிக்கிது. நாளைக்கி நீ பூட்டேன்னா யாரக் கேக்கும்?" நான் விட்டேனா? "ஒம் பொண்ணு ஒன்ன மதிக்கிலன்னு ஒனக்கு வயித்தெரிச்சல்" என்றேன். நாலு மாதம் அவளோடு பேசவில்லை. எல்லோரையும்விட முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். இரண்டாவதாகக் கண்டுபிடித்தவன் அவன். நான் கடைசி.

உன் பத்தாவது அரையாண்டுப் பரீட்சை ஞாபகம் இருக்கிறதா? வரலாற்றுத் தாளில் எட்டுக் கேள்வி கொடுத்து, "ஏதேனும் ஐந்துக்கு விடையளி" என்று போட்டிருந்தார்கள். எட்டும் உனக்குத் தெரியும், நான் விசிறிக் காம்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிக்க வைத்தவைதானே. ஆனால் எந்த ஐந்து என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. முக்கால் மணி நேரம் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எட்டையும் தொட்டுத் தொட்டு, ஒன்றையும் முடிக்காமல் எழுந்து வந்தாய். மார்க் வந்த அன்று நான் பள்ளிக்கூடத்துக்கே போய் டீச்சரிடம் சண்டை போட்டேன். "தெரிஞ்ச புள்ளகிட்ட எதுக்குங்க 'ஏதேனும்'னு போடறீங்க? இன்னின்னத எய்துன்னு சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். அந்தம்மா பாவம், "அது பிள்ளைகளுக்கு உதவியா இருக்கட்டும்னுதாம்மா" என்று விளக்கினாள். எனக்கு விளங்கவில்லை. பெண்ணை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியில் நீ கேட்டாய், "நான் அழட்டுமாம்மா?" நான் சிரித்துவிட்டேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

அவன் பெண் பார்க்க வந்த அன்று நாலு பேர் நடுவில், "பொண்ணுக்கு என்னப் புடிச்சிருக்கான்னு கேளுங்க" என்றான். நல்ல பையன், மனசைக் கேட்கிறானே என்று எல்லோரும் மெச்சினார்கள். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான், "புடிச்சிருக்கு" என்றேன். அவன் உன்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான். மாடு பிடிக்கிறவன் மூக்கணாங்கயிறு எங்கே இருக்கிறது என்று பார்ப்பான் இல்லையா, அந்தச் சிரிப்பு. கயிறு என் கையில் இருப்பதைப் பார்த்தான். அதை வாங்கிக்கொள்ளத்தான் தாலி கட்டினான்.

கட்டிய மூன்றாம் மாதமே நீ எனக்குப் பதில் அவனைக் கேட்க ஆரம்பித்துவிட்டாய். சோறு போட்டுக்கொள்ளட்டுமா, குளிக்கட்டுமா, ஜன்னலை மூடட்டுமா. அவன் ஊருக்குப் போன இரண்டு நாளும் நீ உன் வீட்டில் இருக்கவில்லை, பக்கத்துப் போர்ஷன் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாய். அவன் ஒரு பண்டிகைக்கு வந்தபோது என் எதிரிலேயே பெருமையடித்தான்: "அடிக்கவே தேவயில்ல அத்தே. செருப்ப மாட்டினா போதும். எங்க வுட்டுட்டுப் பூடுவேனோன்னு ஒம் பொண்ணு எல்லாத்துக்கும் ஆமான்னுடுவா." நான் அதற்கும் சிரித்தேன் அமுதா. மாப்பிள்ளை வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்துச் சிரித்து, இன்னொரு வடை வைத்தேன். அந்த வடைக்குத்தான் நான் இன்னும் தண்டனை அனுபவிக்கிறேன்.

ஐந்து வருஷம் கழித்து நீ ஒருநாள் மத்தியானம் வந்து நின்றாய். "அம்மா, ஒரு கையெழுத்து போட்டுட்டேன். போட்டது சரிதானே?" என்றாய். குழந்தை இல்லாததால் அவன் இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொள்ள உனக்கு முழுச் சம்மதம் என்று ஒரு பேப்பர். அந்தப் பேப்பரை நீட்டினானா, செருப்பை மாட்டினானா என்று கேட்டேன். ரெண்டும் என்றாய். அதோடு விட்டாயா? "கல்யாணத்துக்கு என்னையும் ஆரத்தித் தட்டு எடுக்கச் சொல்லிக்கீறாரு. எந்தப் பொடவ கட்டிகினு போவட்டும்?" உன்னை நான் கைநீட்டி அடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அடித்ததும் நீ, "சரிம்மா, நீ சொன்னா போவல" என்றாய். சாயங்காலம் அவன் வந்து வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னான். நீ போனாய். பூந்தமல்லி மண்டபத்தில் பச்சைப் புடவை கட்டிக்கொண்டு தட்டோடு நின்றதை நான் எதிர்ப்பக்கத்துக் கடை வாசலிலிருந்து பார்த்தேன். உள்ளே வரவில்லை. வந்திருந்தால் கொலை விழுந்திருக்கும்.

அதற்கு மறுநாள் பட்டாபிராம் வீட்டிலிருந்து உன்னை இழுத்துக்கொண்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். புகாரை நான் சொல்லச் சொல்ல உன் சின்னண்ணன் எழுதினான். மிரட்டிக் கையெழுத்து வாங்கினான் என்று நான் சொன்னேன், நீ படிக்காமலேயே கீழே கையெழுத்துப் போட்டாய். அவன் எப்படி வாங்கினானோ அப்படியேதான் நானும் வாங்கினேன், அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. விசாரணையில் அவனை எதிரே உட்கார வைத்தார்கள். அவன் ரொம்ப சாந்தமாக, "அமுதா, நீயாத்தானே போட்டே? நானா போடச் சொன்னேன்?" என்றான். நீ, "ஆமா, நானாத்தான்" என்றாய். நான் எழுந்து, "மிரட்டினான்னு சொல்லுடி" என்று கத்தினேன். "ஆமா, மிரட்டினாரு" என்றாய். எஸ்.ஐ. அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டாள். "இன்னாம்மா இது? அவுரு கேட்டாலும் ஆமாங்குது, நீ கேட்டாலும் ஆமாங்குது. நான் கேட்டாலும் ஆமான்னு சொல்லும்போல கீதே. இத வெச்சிகினு நான் எந்த கேஸ எய்துறது? மொதல்ல ஒரு நல்ல டாக்டராண்ட காட்டு." அவன் எழுந்து, சட்டையை உதறி, என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனான். அந்தக் கும்பிடுதான் இத்தனை வருஷம் என் தொண்டையில் நிற்கிறது.

டாக்டரிடம் நான் உன்னைக் குணப்படுத்தக் கூட்டிப்போகவில்லை. அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அவனால்தான் என் பெண் இப்படி ஆனாள் என்று முத்திரை குத்திய ஒரு பேப்பர் வேண்டும், அதை ஸ்டேஷனில் விசிறி அடிக்க வேண்டும். அதற்காகத்தான் சென்ட்ரலில் இறங்கி பஸ் பிடித்துப் போனோம். நரைத்த கொண்டை போட்ட டாக்டரம்மா உன்னைப் பார்த்து, "பேரு என்னம்மா?" என்றார். "அமுதாங்க" என்றேன். "வயசு?" நான் சொன்னேன். "டீ குடிப்பியா, காபி குடிப்பியா?" "டீதாங்க, காபி அவளுக்கு ஒத்துக்காது" என்றேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஏம்மா, வைத்தியம் உங்களுக்கா?" "இல்லீங்க." "அப்ப கொஞ்சம் வெளியில உக்காருங்க." வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்தம்மாவைத் திட்டாத திட்டில்லை. அரைக்கதவு வழியாகக் காது கொடுத்தேன். டீயா காபியா என்று மறுபடியும் கேட்டார். அப்புறம் உன் குரல்: "நீங்க இன்னா குடிக்கிறீங்களோ, அதே."

ஒரே நாளில் பேர் வைத்துவிடவில்லை. நாலு தடவை வரச் சொன்னார். உன் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு உன் சின்ன வயசைப் பற்றிக் கேட்டார். என்ன கேட்டார் என்று வெளியே வந்ததும் விசாரித்தேன். "ஊட்ல யாரு முடிவெடுப்பீங்கன்னு கேட்டாங்க. ஒன்னக் கேட்டுச் சொல்றேன்னேன். சிரிச்சுட்டாங்க" என்றார். உன்னிடம் சாப்பாடு, தூக்கம், அழுகை, உயிர்மேல் வெறுப்பு உண்டா என்றெல்லாம் கேட்டார்களாம், துக்க வியாதியாக இருக்குமோ என்று பார்ப்பதற்காக. அடித்தானா என்று கேட்டார்கள். அடிக்கும் பயத்தில் வாழ்கிற பெண்ணும் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றுதான் சொல்லுவாள், பயம் போனால் அவள் நிமிர்ந்துவிடுவாள், அது வேறு என்றார். கடைசித் தடவை என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். இங்கிலீஷில் ஒரு பேர் சொல்லி, தமிழில் "சார்பு ஆளுமைக் கோளாறு" என்றார். பைத்தியம் இல்லை, மந்தமும் இல்லை. யார்மேலாவது சாயாமல் நிற்கவே முடியாது என்று உள்ளே ஒரு பயம் வேர் பிடித்துப்போன சுபாவம் என்றார்.

எனக்குக் கோபம். "நம்ம ஊர்ல எந்தப் பொண்ணுதாங்க கேக்காம செய்யிது? அப்ப எல்லாத்துக்கும் இந்த வியாதியா?" என்று மடக்கினேன். அவர் சொன்ன பதிலை உனக்காக மட்டும் எழுதவில்லை, உன் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டு, பெண்ணைப் பெற்றவர்கள் கேட்டால் இன்னும் நல்லது. "கேட்டுச் செய்யறது நம்ம வழக்கம்மா. அது நோய் இல்லை. பதில் சொல்ல யாரும் இல்லாதப்போ என்ன ஆகுதுன்னு பாக்கணும். மத்த பொண்ணு கொஞ்சம் தடுமாறிட்டு, தானா ஒண்ணைச் செஞ்சுடுவா. இவ உறைஞ்சு போயிடறா. தப்புன்னு தெரிஞ்சும், எங்க விட்டுட்டுப் போயிடுவாங்களோன்னு பயந்து ஆமான்னு சொல்றா. அவமானமான வேலையைக்கூட, கூட இருந்தா போதும்னு தானே போய்ச் செய்யறா. ஒரு கை விட்டா உடனே இன்னொரு கையைத் தேடறா. அதுவும் ஒருத்தர்கிட்ட மட்டும் இல்லை, எல்லார்கிட்டயும். நேத்து இன்னிக்கு வந்ததும் இல்லை, சின்ன வயசிலேருந்து. இவ்வளவும் சேர்ந்து இருந்தாத்தான் அந்தப் பேரை வைப்போம்." அவர் சொல்லச் சொல்ல என் கண்முன்னே ரிப்பன், வரலாற்றுத் தாள், வாசற்படி, செருப்பு, பச்சைப் புடவை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. நான் உடனே, "அவன்தான் காரணம்னு எய்திக் குடுங்க" என்றேன். "அவர் செஞ்சது அயோக்கியத்தனம், அதை எழுதித் தரேன். ஆனா இந்தச் சுபாவத்துக்கு அவர் காரணம்னு எழுத மாட்டேன். அவர் வர்றதுக்கு முன்னாடியே இது இருந்திருக்கே." "அப்ப யாருங்க காரணம்?" அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு, கூடவே பிறப்பது கொஞ்சம், வளர்ப்பில் வருவது கொஞ்சம், ஒருத்தரைக் கைகாட்ட முடியாது என்றார். எனக்கு மட்டும் அவர் விரல் என் பக்கம் நீண்ட மாதிரியே இருந்தது.

அப்படியும் நான் திருந்தினேனா? இரண்டு வருஷம் உன்னை வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். நீ மறுபடியும் என்னிடமே எல்லாவற்றையும் கேட்க ஆரம்பித்தாய். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அவனிடமிருந்து பிடுங்கிவிட்டேன் பார் என்று. அந்த டாக்டரம்மா விடவில்லை. மாதாமாதம் உன்னை வரவழைத்துப் பேசிப் பேசி, உனக்கு ஒரு வேலையும் தேடிக் கொடுத்து, திருச்சிக்கு அனுப்பினார். என்னைத் தனியே கூப்பிட்டு, "போன் பண்ணிக் கேட்டா, உனக்கு என்ன தோணுதுன்னு மட்டும் கேளுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாம வெச்சுடுங்க" என்றார். தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு உன் போன் வரும், கடைக்காரப் பெண் ஓடிவந்து கூப்பிடுவாள். "அம்மா, இன்னிக்கு பீன்ஸா கோஸா?" "ஒனக்கு இன்னா தோணுது?" "தெரிலயே... நீ சொல்லேன்." நான் போனை வைத்துவிடுவேன். கோஸ் என்ற வார்த்தை நாக்கு நுனியில் நிற்கும். வீட்டுக்கு வந்து கோஸே நறுக்குவேன். முதல் வருஷம் நீ அழுதாய், ஒருநாள் எந்தக் காய் என்று முடிவாகாமல் நூற்றிருபது பேர் வெறும் ரசத்தோடு சாப்பிட்டார்கள் என்று வார்டன் எழுதியிருந்தார். அப்புறம் கேள்விகள் தேய்ந்தன. அப்புறம் அந்தப் பொங்கல் கடிதம்.

இத்தனைக்கும் அப்புறம் "போகட்டுமா?" என்று வந்து நிற்கிறாய். அமுதா, இந்தக் கேள்விக்காகத்தான் நான் இத்தனை காலம் காத்திருந்தேன். என் ஒரு வார்த்தை போதும். போகாதே என்று எழுதினால் நீ போக மாட்டாய், அவன் அந்தக் கட்டிலில் சொம்பைப் பார்த்துக்கொண்டே கிடப்பான். அந்தக் கும்பிடுக்குப் பதில் கும்பிடு ஆகிவிடும். எழுதவும் எழுதினேன். புது இன்லண்டு வாங்கி, கடை போர்டு மாதிரி பெரிய எழுத்தில் "போகாதே" என்று எழுதி, எச்சில் தொட்டு ஒட்டியும்விட்டேன். தபால் பெட்டி வரை போனேன். போடப் போகும்போது அவன் ஒருதரம் சொன்னது ஞாபகம் வந்தது. உன்னை நான் திருப்பிக் கூட்டிவந்த நாளில், தெருவே கேட்கச் சொன்னான்: "கூட்டிகினு போ அத்தே. பொம்ம ஒன்துதானே. எனக்கு வாடகைக்குக் குட்த்தே." அந்தக் கடிதத்தைப் போட்டிருந்தால் அவன் சொன்னதுதான் சரி என்று ஆகியிருக்கும். கிழித்து அங்கேயே போட்டேன். அவன் ஜெயிக்கிற மாதிரி நான் எதையும் செய்ய மாட்டேன்.

ஆகையால் நான் சொல்லப் போவதில்லை. உனக்கு என்ன தோன்றுகிறது? அவ்வளவுதான், போனை வைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொள். ஒன்று மட்டும் உனக்குத் தெரிந்திருக்கட்டும். படுத்துவிட்டவன் தண்ணீர் கேட்பது கைகால் விழுந்ததால் கேட்பது, அதில் பொய்யில்லை. அதற்கு இரங்கிப் போகிறவர்கள் உண்டு, திரும்பிப் பார்க்காமல் இருக்கிறவர்களும் உண்டு. இரண்டும் முழு மனுஷிகள் செய்கிற காரியம்தான். யாராவது விட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் போனாலும் சரி, அம்மா கோபிப்பாளோ என்ற பயத்தில் போகாமல் இருந்தாலும் சரி, அது அந்தப் பழைய செருப்புச் சத்தம். அந்தச் சத்தம் உன் காதில் கேட்கிறதா என்று நீதான் காது கொடுத்துப் பார்க்க வேண்டும். கேட்டால் அந்த டாக்டரம்மாவுக்கு எழுது, எனக்கு எழுதாதே. அதுவரைக்கும் நீ என்ன சொல்வாய் என்று தெரியாமல் அவன் வாசலையே பார்த்துக்கொண்டு கிடக்கட்டும். உன் வாயிலிருந்து வரப்போகிற பதில் அவனுக்குத் தெரியாமல் இருப்பது இதுதான் முதல் தடவை. அதைவிடப் பெரிய தண்டனையை நான் இத்தனை வருஷம் யோசித்தும் கண்டுபிடிக்கவில்லை. எனக்கும் தெரியாதுதான். அது எனக்கான தண்டனை, அதையும் வாங்கிக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன். என்னிடம் இருப்பது உன் கல்யாண போட்டோ ஒன்றுதான். அந்தப் பூந்தமல்லி மண்டபத்திலிருந்து வந்த அன்றே ரவிக்கை வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து அவனை வெட்டித் தள்ளினேன். தலை போயிற்று, உடம்பு போயிற்று. ஸ்டூடியோக்காரன் சொன்னான் என்று உன் தோளில் போட்டிருந்தானே, அந்தக் கை மட்டும் போகவில்லை. அதை வெட்டினால் உன் தோளும் சேர்ந்து போகும். நாலு விரல் அப்படியே இருக்கிறது. ஷோகேஸில் ராணியின் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில்தான் அந்தப் படம். "ஆயா, அத்த தோள்ல யாரு கை?" என்று கடைக்குட்டி தினம் கேட்கிறாள். நான் டிபன் பாக்ஸைக் காட்டிப் பேச்சை மாற்றுகிறேன்.

எனவே புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. எந்த ஊரில் எடுப்பது, எந்தப் புடவை, மல்லியா கனகாம்பரமா என்று கேட்டு எழுதாதே. எழுதினால் நான் பிரிக்காமலே திருப்பி அனுப்புவேன். கூட யார் நிற்கிறார்கள் என்பதைப் படம் வந்ததும் நானே பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். தனியாக நின்றாய் என்றால் பெரிதாகப் போட்டுச் சட்டம் மாட்டுவேன். அவனை நாற்காலியில் உட்கார வைத்துப் பக்கத்தில் நின்றாய் என்றால் அதுவும் உன் இஷ்டம், நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஒன்று மட்டும் செய். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டு நில். கத்தரி போக வழி வேண்டும்.

உன் அம்மா
கோவில்பதாகை